சூரியனுக்கு எஞ்சின் இல்லை

அத்தியாயம் 4

“வானத்துல போற வெள்ளிக்கும் எங்கட வீட்டோட கோவம், ராத்தா” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்த பெண், கதிரையைக் காட்டுவதற்கு முன்பே அதில் உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை எட்டரை மணி. கல்முனை பிரதான வீதியில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே ஒற்றை அறை. வாசலில் ‘ஷாஹினா – விசாரணைகள்’ என்று ஒரு பலகை. ஷாஹினா இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பனியில் பொய் விபத்துக்களைப் பிடித்தவர். அது அலுத்துப்போய், வேறு வகைப் பொய்களையும் பார்க்கலாமே என்று இந்தப் பலகையை மாட்டினார். பொய் சொல்கிறவர்கள் மேல் அவருக்குக் கோபம் கிடையாது. ஒழுங்காகப் பொய் சொல்லத் தெரியாதவர்களைத்தான் அவரால் பொறுக்க முடியாது.

யன்னலோரம் நின்று பணிஸ் தின்றுகொண்டிருந்த வினோஜ் அவருடைய உதவியாளன். ஊர் பாண்டிருப்பு. ஓட்டோ சொந்தமாக உண்டு. வாய் மட்டும் ஊருக்கே பொது.

“எந்த வெள்ளி, தங்கச்சி? நகைக் கடைச் சோலியா?” என்றான் வினோஜ்.

“நீ பணிஸத் தின்னு” என்றார் ஷாஹினா. “செல்லு புள்ள. பேரென்ன?”

“ஸுஹைறா. மருதமுனை. றிஸ்வான்ட பொஞ்சாதி. இண்டைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு மீனவர் சங்கத்தில கூட்டம் வெச்சிரிக்காங்க. இனி இந்தக் கரையில ஒரு போட்டிலயும் இவர ஏத்தக்கூடா எண்டு முடிவெடுக்கப் போறாங்களாம். பத்து வயசில கடலுக்கு எறங்கின மனிசன் ராத்தா. கரையில விட்டா என்ன செய்வாரு?” அவளுக்குக் குரல் உடைந்தது. ஆனால் அழவில்லை. அழுவதற்கு நேரமில்லை என்று தீர்மானித்து வந்தவள் போலிருந்தாள்.

விஷயம் இதுதான். றிஸ்வான் சாய்ந்தமருதுக் கரையில் மஜீட் முதலாளியின் போட்டை ஓட்டுகிறவன். வியாழன் மாலை ஆறரைக்கு மஜீட் கரையில் சாமான் வைக்கும் கொட்டிலான தன் வாடியைப் பூட்டிக்கொண்டு போனார். ஏழு மணிக்குத் திரும்பி வந்தால் பூட்டு உடைந்து கிடக்கிறது. உள்ளே எஞ்சின் இருக்கிறது, வலை இருக்கிறது. போனது கைக்குள் அடங்கும் ஜீபிஎஸ் பெட்டி ஒன்று மட்டும். பெட்டியைக் கடையில் வாங்கிவிடலாம். அதற்குள் பன்னிரண்டு வருடமாக றிஸ்வான் குறித்து வைத்த கடல் இடங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. மீன் படும் தன் இடத்தை உடன்பிறந்தவனுக்கும் சொல்லாத கரை அது.

“றிஸ்வான் எடுத்தாரு எண்டு செல்றது யாரு?” என்று கேட்டார் ஷாஹினா.

“மிஹ்லார். அடுத்த வாடிக்காரரு, சொந்தப் போட் வெச்சிரிக்காரு. விண்வெளி நிலையம் வெள்ளி மாதிரி வானத்துல போறதப் பார்க்கக் கரையில நிண்டாராம். சரியா ஆறு நாப்பத்தாறுக்கு அது உச்சிக்கு மேல வரக்குள்ள, இவரு வாடியில இருந்து பையோட வெளிய வந்தத கண்டாராம்.”

“உங்கட வீட்டுக்காரரு என்ன செல்றாரு?”

“அந்த நேரம் எங்கட வீட்டு மாடியில நிண்டாரு. மகளுக்கு அதையே காட்டத்தான் ஏறின. நானும் நிண்டன். ஆனா பொஞ்சாதிட பேச்ச யாரு எடுக்கிற?” ஸுஹைறா மூச்சு வாங்கினாள். “சங்கத்தில கேட்டப்ப இவரு, அது ஆறு அம்பத்தஞ்சிக்கு வந்திச்சு எண்டாரு. கரையில தேத்தண்ணிக் கடையில நோட்டீஸ் ஒட்டியிரிக்கி. அதுல ஆறு நாப்பத்தாறு எண்டு போட்டிரிக்கி. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. வெள்ளியக் கண்டவனுக்கு நேரம் தெரியாதா, இவன் மாடியிலயே நிக்கல்ல எண்டு முடிச்சிட்டாங்க.”

“வேற ஒருத்தரும் வானத்தப் பார்க்கல்லையா?”

வினோஜ் குறுக்கே வந்தான். “வியாழக்கிழமை மெட்ச் ராத்தா. கடைசி அஞ்சு ஓவர். விண்வெளி நிலையம் எங்கிட வீட்டுக் கூரையில எறங்கியிருந்தாலும் பிறகு வாங்க எண்டுதான் சொல்லியிருப்பம்.”

ஷாஹினா சிரிக்கவில்லை. “அந்தப் பெட்டிக்குள்ள என்ன இரிந்திச்சு எண்டு றிஸ்வானிட்டக் கேட்டியா புள்ள?”

“கேட்டன். அத மட்டும் கேக்காத எண்டு முகத்தத் திருப்பிக்கிட்டாரு. அதுதான் எனக்கும் வெளங்கல்ல.”

ஷாஹினா குடையை எடுத்தார். வெயிலோ மழையோ அந்தக் குடை விரிந்ததை இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆட்களைச் சுட்டிக் காட்டுவதற்கே அவர் அதை வைத்திருந்தார்.

“ஒரே வானம், ஒரே வெள்ளி, ரெண்டு நேரம். வா வினோஜ், அந்த நோட்டீஸப் பார்ப்பம்.”

சாய்ந்தமருதுக் கடற்கரைத் தேநீர்க் கடையின் தகரச் சுவரில் இரண்டு கடுதாசிகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தன. ஒன்று தொழுகை நேர அட்டவணை. வருடக்கணக்கில் அடுப்புப் புகை பிடித்து மஞ்சளாகிவிட்டது. மற்றது புதிது. ‘வியாழன் மாலை விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல்! 6.46க்கு உச்சியில்! காணத் தவறாதீர்கள்!’ அடியில் சிறிய எழுத்தில், பாண்டிருப்பு வான் நோக்குவோர் வட்டம்.

கடைக்கு எதிரே மணலில் ஒரு வலையைப் பரப்பி வைத்து நாலு பேர் கிழிசலைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவர் எழுந்து வந்தார். நாற்பது வயது, புதுச் சாரன், நல்ல சிரிப்பு.

“றிஸ்வான்ட விசயமா? நான்தான் மிஹ்லார். எனக்கும் கவலதான் ராத்தா. நல்ல பொடியன். ஆனா கண்டதக் காணல்ல எண்டு செல்லேலாதே.”

“நேரம் எப்படித் தெரியும்?”

“போன் கையில இரிந்திச்சே. ஆறு நாப்பத்தாறு. ஒரு நிமிசம் அங்க இங்க இல்ல.” அவர் சுவரைக் காட்டினார். “பாருங்க, இந்தக் கடுதாசியிலயும் அதேதான். பக்கத்தில தொழுகை அட்டவணை. என்ட வாப்பா காலத்துல இரிந்து ஒரு நாளாவது பிழைச்சிரிக்கா? இதெல்லாம் கணக்குப் போட்டு அடிக்கிற சாமான்.”

“மறுகா என்ன செஞ்சீங்க?”

“நேரா இந்தக் கடைக்கு வந்தன். ஆறு அம்பதுக்கு இவடத்த இரிந்தன். கடைசி ஓவர் இவங்களோடதான் பார்த்தன். மஜீட் காக்கா பூட்டு ஒடைஞ்ச எண்டு சத்தம் போட்டுக்கிட்டு ஓடி வரும் வரைக்கும் எழும்பவே இல்ல.”

கடைக்காரர் தலையாட்டினார். கடைசிப் பந்துக்கு மிஹ்லார் கத்திய கத்தில் ஒரு கிளாஸ் உடைந்ததாம்.

ஷாஹினா வலைப் பக்கம் குனிந்தார். சின்னக் கிழிசல் இல்லை அது. ஓட்டோ நுழையும் அளவுக்கு மூன்று ஓட்டைகள். கண்ணிகளில் வெள்ளை வெள்ளையாக, கடலடிப் பவளப் பாறையான முருகைக்கல்லின் துண்டுகள் சிக்கியிருந்தன.

“எப்ப கிழிஞ்ச?”

“இண்டைக்கு விடிய” என்றார் மிஹ்லார், சிரிப்பு கொஞ்சம் சுருங்க. “நேத்து வெள்ளிக்கிழமை, ஒருத்தரும் கடலுக்குப் போறல்லதானே. இண்டைக்குத்தான் எறங்கின. நஸீபு சரியில்ல.”

ஓட்டோவில் ஏறியதும் வினோஜ் கேட்டான். “எப்படி ராத்தா? ஆள் பொய்யனா?”

“நேரம் சரி, கடுதாசி சரி, சாட்சி சரி. ஒருத்தன் இவ்வளவு சரியாக் கதைச்சா எனக்குச் சந்தேகம்தான் வரும். இன்சூரன்ஸில உண்மையா அடிபட்டவன் ஒருத்தனும் நேரத்தச் சரியாச் செல்லமாட்டான். அந்த நோட்டீஸ் போட்ட ஆளப் பிடி.”

பிடிப்பது அவ்வளவு லேசாக இருக்கவில்லை. நோட்டீஸில் போன் நம்பர் இல்லை, அப்படி ஒரு வட்டம் இருப்பதைப் பாண்டிருப்புக்காரன் வினோஜே கேள்விப்பட்டதில்லை. வாசிகசாலைச் சுவரில் இன்னொன்று இருப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால் நாலு மூலையில் பசை மட்டும் இருந்தது, கடுதாசி இல்லை. பஸ் நிலையத்திலும் அப்படியே. கல்முனைச் சந்தையடியில் பாதி கிழிந்து ‘தவறாதீர்கள்’ என்ற சொல் மாத்திரம் தொங்கியது. பசை இன்னும் ஈரமாக இருந்தது, யாரோ தண்ணீர் போட்டு ஊறவைத்துச் சுரண்டியிருக்கிறார்கள்.

“ராத்தா, கள்ளன் எங்களுக்கு முன்னால போறான். சாட்சிய அழிக்கிறான்.” வினோஜுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “இப்பதான் இது நாவல் மாதிரி இருக்கு.”

மதிய ளுஹர் தொழுகை முடிந்து, சோறு தின்று, வினோஜின் உற்சாகமும் வடிந்த பிறகு, இரண்டே முக்காலுக்குப் பாண்டிருப்புச் சந்தியில் ஆளைக் கண்டார்கள். மின்கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸை ஒரு பெண் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும், தோளில் பை, காலடியில் தண்ணீர்ப் போத்தல்.

வினோஜ் ஓட்டோவை நிறுத்தியதும் அவள் ஓடினாள். வினோஜ் துரத்தினான். பத்து யார் தூரம் போவதற்குள் அவனுடைய செருப்பு அறுந்தது. ஷாஹினா துரத்தவில்லை. அந்த ஒழுங்கை வளைந்து எங்கே வந்து சேரும் என்று தெரிந்தவர், அங்கே போய் நின்று, வந்தவளுடைய பையைக் குடைக் கைப்பிடியால் கொளுவி நிறுத்தினார்.

“சத்தியமா நான் வேணுமெண்டு செய்யல்ல மெடம்!” அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த வினோஜ் அவளைக் கண்டதும் வாயைப் பிளந்தான். “விதுஷா மிஸ்! ராத்தா, இவ எங்கிட ஊரு சயன்ஸ் டியூஷன் மிஸ். மிஸ், நீங்களா பூட்டு உடைச்ச?”

“என்ன பூட்டு?” விதுஷாவின் அழுகை நின்றது.

“எதுக்கு இந்தக் கடுதாசியச் சுரண்டுறீங்க?” என்றார் ஷாஹினா.

“வெட்கத்தில, மெடம். பதினஞ்சு பிள்ளைகள மாடிக்கு ஏத்தி வெச்சன். ஆறு நாப்பத்தாறு எண்டன். வானத்தில ஒண்டுமில்ல. ஆறு அம்பதுக்குப் பொடியனுகள் எல்லாம் சிரிச்சுப் போட்டு மெட்ச் பார்க்கப் போயிட்டானுகள். நேரம் பிழைச்ச மிஸ் எண்டு இப்ப பட்டமும் வெச்சிட்டானுகள். அதான் ஊரில ஒட்டினதெல்லாம் கிழிக்கிறன்.”

“அப்ப பிந்தி வந்திச்சா?” ஷாஹினாவின் குரல் மெதுவானது. “எத்தன மணிக்கு வந்திச்சு?”

“ஆறு அம்பத்தஞ்சு. நான் மட்டும்தான் நிண்டன். போட்டோவும் எடுத்தன்.” போனைத் திறந்து காட்டினாள். கறுத்த வானத்தில் நீளமாக ஒரு வெள்ளைக் கீறல், கோயில் கோபுரத்துக்கு மேலே. படத்தின் நேரம் 6.55.

வினோஜ் விசில் அடித்தான். ஷாஹினா அவனைக் குடையால் குத்தினார்.

“ஏன் ஒன்பது நிமிசம் பிந்தின?”

இந்தக் கேள்வி வந்ததும் விதுஷா கண்ணைத் துடைத்தாள். அழுதவள் போய் மிஸ் வந்துவிட்டாள்.

“அது நானூறு கிலோமீட்டர் சொச்சம் உயரத்தில போகுது மெடம். அவ்வளவு மேலயும் மெல்லிசாக் காத்து இருக்கு. அது உரசி உரசி நிலையம் நாளுக்கு நாள் கொஞ்சம் கீழ இறங்கும். அப்படியே விட்டா ஒரு நாள் விழுந்திரும். அதால இடைக்கிடை எஞ்சினப் போட்டுப் பின்னால இருந்து தள்ளிவிடுவாங்க.”

“மேல நோக்கியா?”

“இல்ல, போற பக்கத்துக்கே. முன்னுக்குத் தள்ளினாப் போதும், வட்டம் பெருத்துத் தானா உயரத்துக்குப் போயிரும்.”

“நில்லுங்க மிஸ்” என்றான் வினோஜ். “வேகம் கூட்டினா முந்தித்தானே வரணும்? இது பிந்தியெல்லோ வந்திருக்கு?”

விதுஷா கரண்டிக் காம்பால் மண்ணில் இரண்டு வட்டம் கீறினாள், ஒன்றுக்குள் ஒன்று. “மைதானத்தில உள்வட்டத்தில ஓடுறவனுக்குத் தூரம் குறைவு, வெளிவட்டத்தில ஓடுறவனுக்குக் கூட. அதோட மேல போகப் போகப் பூமி இழுக்கிற இழுவையும் குறையும். இழுவை குறைஞ்சா நடையும் மெதுவாகும். தள்ளிக் குடுத்த வேகத்தையெல்லாம் ஏறியே செலவழிச்சுப் போட்டு, மேல போய் ஆறுதலாச் சுத்தும். ஒரு சுத்துக்கு அஞ்சு செக்கன் பிந்தும். நாளைக்குப் பதினஞ்சரைச் சுத்து. நான் நோட்டீஸ் அடிச்சு மூணாம் நாள் தள்ளியிருக்காங்க. அதிலிருந்து வியாழன் வரைக்கும் ஏழு நாள்.”

ஷாஹினா வாய்க்குள் பெருக்கினார். “ஒன்பது நிமிசம்.”

“ஓம். நான் திரும்ப ஒருக்காப் பார்த்திருந்தாச் சரி. பழைய கணக்க நம்பிட்டன்.”

வினோஜுக்கு இன்னும் ஆறவில்லை. “அப்ப முந்தி வரணும் எண்டா?”

“பிரேக் பிடிக்கணும். வேகம் குறைஞ்சாக் கீழ இறங்கும். சின்ன வட்டம், கெதியாச் சுத்தும்.”

“ஐயோ, இது தெரியாம எங்கிட பஸ்காரனுகள் அக்கரைப்பத்து வரைக்கும் மிதிச்சுக்கிட்டுப் போறானுகளே!”

ஷாஹினா இந்தச் சிரிப்பிலும் சேரவில்லை. அவர் கண் முன்னால் ஒரு தகரச் சுவரும் இரண்டு கடுதாசியும் நின்றன. “ஓட்டோவில ஏறுங்க விதுஷா மிஸ். உங்கட வெட்கம் ஒரு மனிசன்ட சோத்தக் காப்பாத்தப் போகுது.”

பிரதான வீதியில் சனிக்கிழமைச் சந்தைக் கூட்டம். லொறி ஒன்று குறுக்கே நின்றது. பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தது. ஷாஹினா மணிக்கூட்டைப் பார்த்தார். வினோஜ் திடீரென்று இடதுபுறம் திருப்பி, மணல் ஒழுங்கை ஒன்றில் இறங்கிக் கடற்கரை வீதிக்குப் போனான். அங்கே மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓட முடியாது, பள்ளம் அப்படி.

“என்னடா செய்றாய்?”

“பிரேக் பிடிச்சு முந்துறன் ராத்தா. மிஸ் சொன்ன விஞ்ஞானம்.”

கூட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் சங்கக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

உள்ளே நாற்பது பேர். தலைமைக் கதிரையில் மஜீட் முதலாளி, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். மூலையில் றிஸ்வான் நின்றான், தலைமுடி காற்றில் கலைந்து கிடந்தது. ஹெல்மட் போடாமல் மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறான் என்று வினோஜ் காதுக்குள் சொன்னான். வாசலில் ஸுஹைறா. அவள் ஷாஹினாவைப் பார்த்த பார்வையில் கேள்வி மட்டும்தான் இருந்தது.

“ஒரு அஞ்சி நிமிசம் தாங்க மஜீட் காக்கா” என்றார் ஷாஹினா. “மிஹ்லார் தம்பி, கண்டத இன்னொருக்காச் செல்லுங்க.”

மிஹ்லார் எழுந்து, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். கடற்கரை, உச்சியில் வெள்ளி, 6.46, பையோடு றிஸ்வான். “வல்லாஹி, சத்தியமா இந்தக் கண்ணால கண்டன்.”

“ஆறு அம்பதில இரிந்து ஏழு மணி மட்டும் தேத்தண்ணிக் கடையில?”

“ஓம். இவங்க எல்லாரும் சாட்சி.”

பத்துப் பேர் “ஓம், ஓம்” என்றார்கள். ஷாஹினா அந்த ஓம்கள் அடங்கும் வரை காத்திருந்தார். பிறகு விதுஷாவை முன்னுக்கு விட்டார். விதுஷா போட்டோவைக் காட்டினாள், மண்ணுக்குப் பதில் சங்கத்துக் கரும்பலகையில் வட்டம் கீறினாள், ஐந்து செக்கனையும் ஏழு நாளையும் பெருக்கினாள். கடல்காரர்களுக்கு அது உடனே விளங்கிவிட்டது. நீரோட்டம் தள்ளினால் போட் நினைத்த நேரத்துக்குக் கரை சேராது என்பது அவர்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லாத பாடம்.

“உங்கட கடைச் சுவரில ரெண்டு கடுதாசி இரிக்கி” என்றார் ஷாஹினா. “ஒண்டு தொழுகை அட்டவணை. அது சூரியனக் கணக்கெடுத்துப் போட்டது, பிழைக்காது. சூரியனுக்கு எஞ்சின் இல்ல. மத்தக் கடுதாசியில இரிக்கிறதுக்கு எஞ்சின் இரிக்கி. மிஹ்லார் தம்பி ரெண்டையும் ஒரே மாதிரி நம்பிட்டாரு. ஆறு நாப்பத்தாறுக்கு வானத்துல ஒண்டுமே இல்ல. ஆறு அம்பத்தஞ்சிக்கு அது வரக்குள்ள, இவரு தகரத்துக்குக் கீழ மெட்ச் பார்த்துக்கிட்டு இரிந்தாரு. நீங்களே பத்துப் பேரு சாட்சி செல்லிட்டீங்க.”

அந்தப் பத்துப் பேரும் மிஹ்லார் பக்கம் திரும்பினார்கள்.

“பொய் செல்ல வந்தவனா இரிந்தா றிஸ்வானும் சுவரப் பார்த்து நாப்பத்தாறு எண்டு செல்லியிரிப்பாரு. ஊரே சிரிக்கும் எண்டு தெரிஞ்சும் அம்பத்தஞ்சு எண்டாரு. கண்டவன்தான் அப்படிச் செல்லுவான்.”

ஸுஹைறா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் மிஹ்லார் லேசான ஆள் இல்லை.

“சரி, வெள்ளிய நான் காணல்ல. சும்மா பெருமைக்குச் செல்லிட்டன்” என்றார். “றிஸ்வானக் கண்டது உண்மை. இல்லாட்டி, வேற யாரு எடுத்த? என்னட்ட இரிக்கி எண்டு காட்டுங்க பார்ப்பம்!”

கூட்டம் மறுபடி முணுமுணுத்தது. வினோஜ் ஷாஹினாவைப் பார்த்தான். அவர் முகத்தில் கவலையே இல்லை. காலையில் குனிந்து பார்த்த வலையை அவர் மறந்திருக்கவில்லை.

“றிஸ்வான்” என்றார் அவர். “அந்தப் பெட்டிக்குள்ள என்ன இரிந்திச்சு?”

றிஸ்வான் நிலத்தைப் பார்த்தான்.

“செல்லுங்களே!” வாசலில் இருந்து ஸுஹைறா கத்தினாள். “வேல போனாப் போகட்டும். கள்ளன் எண்ட பேரோட என்ட புள்ள பள்ளிக்கூடம் போகப்படா!”

றிஸ்வான் நிமிர்ந்தான். மஜீட் முதலாளியைப் பார்த்துத்தான் பேசினான்.

“மாப்பு செய்யுங்க முதலாளி. நீங்க நினைக்கிற மாதிரி அதுல இரிக்கிறது மீன் இடமில்ல. கல்லு. முருகைக்கல்லு, கடலுக்கடியில தாண்டு போன கப்பல் இரும்பு, வலையப் பிடிச்சுக் கிழிக்கிற இடம். அவடத்தப் போயிரக்கூடா எண்டு குறிச்சு வெச்ச. எல்லாமே அதுதான்.”

“முப்பத்தாறுமா?” என்றார் மிஹ்லார்.

சொல்லிவிட்டு அவரே கையால் வாயைப் பொத்தினார். ஆனால் பொத்திய கை பிந்திவிட்டது.

மஜீட் முதலாளி மெதுவாகக் கதிரையில் இருந்து எழும்பினார். “முப்பத்தாறா? பெட்டி என்ட. எனக்கே எத்தனை எண்டு தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?”

மிஹ்லார் பொத்தென்று உட்கார்ந்தார். வெளியே மணலில் மூன்று பெரிய ஓட்டையோடு கிடந்த வலை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு நாற்பது பேரும் சிரித்தார்கள். வியாழக்கிழமை களவெடுத்து, வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு முப்பத்தாறு இடத்தையும் கொப்பியில் எழுதி, சனி விடிய முதல் வேலையாகக் கல்லின் மேல் வலை போட்ட மனிதர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய தம்பி வீட்டுக்குப் போய்த் தலையணை உறைக்குள் இருந்த பெட்டியைக் கொண்டு வந்து மேசையில் வைத்தான்.

“வானத்துச் செய்மதியப் பார்த்து வழி சொல்ற பெட்டிய எடுத்தவரு, செய்மதியாலயே மாட்டிக்கிட்டாரு” என்றான் வினோஜ். “அதுக்கும் ஒரு சொந்தபந்தம் இருக்குப் போல.”

ஆனால் மஜீட் முதலாளி சிரிக்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து றிஸ்வானுக்கு முன்னால் நின்றார். சிரிப்பு அடங்கியது. ஸுஹைறா வாசலை விட்டு உள்ளே ஒரு அடி வைத்தாள்.

“பன்னிரண்டு வருசம். அந்தப் பெட்டிய நான் பொன் மாதிரிப் பூட்டி வெச்சன். கல்லையாடா பூட்டி வெச்சன்?”

“மாப்பு முதலாளி. மீன் இடத்தப் பெட்டியில போட்டா, மறுகா பெட்டி போதும், நான் எதுக்கு எண்டு ஆகிரும். அந்தப் பயத்துல செல்லல்ல.”

“அப்ப மீன் இடம் எங்க?”

றிஸ்வான் ஒரு விரலால் தன் நெற்றியைத் தொட்டான்.

மஜீட் அந்த நெற்றியைப் பார்த்தார். கலைந்த முடியைப் பார்த்தார். வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளையும் எட்டிப் பார்த்தார். அவருடைய கோபம் எங்கேயோ ஓரிடத்தில் திசை மாறியது. திரும்பி நடந்து, தன் கதிரைக்குக் கீழே வைத்திருந்த ஹெல்மட்டை எடுத்து வந்து, இரண்டு கையாலும் றிஸ்வானின் தலையில் மாட்டி, வாரையும் இறுக்கிவிட்டார்.

“நாளைக்கு விடிய மூணரைக்கு போட்டடிக்கு வா” என்றார். “இதக் கழட்டிக்கிட்டு வந்தாயோ, அப்ப இரிக்கி உனக்கு.”